காசில்லாத பேஸ்பால் அணி ஜெயிப்பது எப்படி?

வணக்கம் சார்,
அமெரிக்க பேஸ்பாலில் நம் ஐபிஎல் மாதிரி சம்பள உச்சவரம்பு கிடையாதாமே? அப்புறம் சின்ன ஊர் அணியின் ஜெனரல் மேனேஜர், காசை வாரி இறைக்கும் நியூயார்க் யாங்கீஸோடு எப்படித்தான் மோதுவார்? எல்லாம் கம்ப்யூட்டர் கணக்குதானா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உச்சவரம்பு இல்லை, ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கணக்கும் வேண்டும்தான், ஆனால் அது இன்று எல்லா அணியிடமும் இருக்கிறது. ஊரே கொண்டாடும் ஆளை விலை இருக்கும்போதே கைமாற்றிவிடும் கல்நெஞ்சுதான் சின்ன அணிக்கு முதலில் வேண்டும் என்பேன்.

டாம்பா பே ரேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் ஆடத் தொடங்கி 2007 வரை ஒரு சீசன் விடாமல் 90 ஆட்டங்களுக்கு மேல் தோற்ற அணி. 2005 கடைசியில் வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்திருந்த ஆண்ட்ரூ ஃபிரீட்மன் பொறுப்பேற்றார், வயது 28. 2007 சீசன் முடிந்ததும், டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் ஆளாக எடுத்து வளர்த்த டெல்மன் யங்கை மின்னசோட்டா அணிக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமான இருவர் பந்து வீசும் பிட்சர் மேட் கார்சாவும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் ஜேசன் பார்ட்லெட்டும். பார்ட்லெட் 2008 முழுக்க அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) ஒன்றே ஒன்று, ஆனால் பந்தை விடமாட்டார். அடிப்பவனுக்குத்தான் சந்தையில் விலை, பிடிப்பவன் மலிவாகக் கிடைப்பான். அந்த வருடம் 97 வெற்றி. பாஸ்டன் அணிக்கு எதிரான அரையிறுதித் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்து அணியை வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடருக்குக் கொண்டுபோனது கார்சா. ரேஸைப் போல நான்கு மடங்குக்கு மேல் சம்பளம் கொடுத்த யாங்கீஸ் அந்த வருடம் பிளேஆஃபுக்கே வரவில்லை!

இன்னொரு விஷயம், ஒரு வீரர் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அணியின் பிடியில்தான் இருப்பார், முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான். ரேஸ் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. இளம் வீரர் இவான் லாங்கோரியா 2008 ஏப்ரலில் அறிமுகமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆறு வருடத்துக்கு 1.75 கோடி டாலர் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விலை ஏறியவர்களை விற்றுவிடுவார்கள்: 2018இல் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பி டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்று மூன்று இளைஞர்களை வாங்கினார்கள். பிடித்த ஆட்டக்காரரின் பெயர் போட்ட ஜெர்சியை ஆசையாக வாங்கிய ரசிகர் பாடுதான் பாவம்.

கோப்பையா? ரேஸுக்கு அது மட்டும் வாய்க்கவில்லை. 2020 வேர்ல்ட் சீரிஸில் அவர்களைத் தோற்கடித்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை நடத்தியவர் அதே ஃபிரீட்மன்தான். 2014லேயே அங்கே போய்விட்டார், இப்போது கையில் காசும் இருக்கிறது.