நீச்சல் குளத்துக்கு வெயில் சூடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழிக் குளிருக்கு முன்னால் குளத்துத் தண்ணீரை வெதுவெதுப்பாக்க வழி கேட்டு வந்த கடிதங்களில் சில.

எங்கள் வீட்டுக் குளம் 26 அடிக்கு 13 அடி. சராசரி ஆழம் நாலேகால் அடி. டிசம்பரில் காலைத் தண்ணீர் 23 டிகிரிதான். பேரப்பிள்ளைகள் இறங்க மறுக்கிறார்கள். கண்ணாடிக் குழாய் வைத்த 500 லிட்டர் சோலார் ஹீட்டர் இரண்டு போட்டால் போதும் என்கிறார் விற்பனையாளர். போதுமா?
– வாசகர், கோவை

போதாது. 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். உங்கள் குளம் ஏறக்குறைய 40,000 லிட்டர். அதனால் டிகிரிக்கு 46 யூனிட். 500 லிட்டர் ஹீட்டர் ஒன்று நல்ல வெயில் நாளில் தன் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது சேர்த்தது 20 யூனிட். இரண்டும் சேர்ந்து 40. நாள் முழுக்க உழைத்தாலும் குளம் ஒரு டிகிரிகூட ஏறாது.

வெப்பம் இழக்கும் பக்கம் இன்னும் மோசம். திறந்து கிடக்கும் குளத்தில் 1 மி.மீ. தண்ணீர் ஆவியானால் அது 31 லிட்டர். அதோடு 21 யூனிட் வெப்பமும் போகிறது, அதாவது கிட்டத்தட்ட அரை டிகிரி. காற்றடிக்கும் வறண்ட நாளில் 5 மி.மீ. போனால் இரண்டு டிகிரிக்கு மேல் நஷ்டம். எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்க, குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, அதில் குளத்து மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் வாளியில் இறங்கியது ஆவி. குளத்தில் அதைவிட அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. கசிவு இருக்கும் குளத்தில் சோலார் போடுவது ஓட்டைப் பானையில் உலை வைப்பது.

ஆகவே முதல் செலவு பேனலுக்கு அல்ல, போர்வைக்கு. குமிழ் வைத்த பிளாஸ்டிக் போர்வையை, குமிழ்ப் பக்கம் தண்ணீரைப் பார்க்க, குளத்தின் அளவுக்கே வெட்டி மிதக்கவிடுங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டால் அந்த இடைவெளி வழியே ஆவி போகும். கழற்றியதும் உருளையில் சுற்றி நிழலில் வையுங்கள். மடித்து வெயிலில் போட்டால் அடுக்குகளுக்குள் சூடேறிக் குமிழ்கள் உரிந்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் போர்வை குழந்தையின் எடையைத் தாங்காது. மேலே கால் வைத்தால் உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். பாதிப் போர்வை கிடக்கும்போது யாரையும் குளத்தில் இறக்காதீர்கள்.

பிறகு பேனல். வீட்டுக் குளியலுக்குக் கொஞ்சம் தண்ணீர், நிறையச் சூடு. குளத்துக்கு நேர்மாறு: நிறையத் தண்ணீர், கொஞ்சம் சூடு. அதற்குக் கண்ணாடி வேண்டாம், செம்பு வேண்டாம். பாலிபுரோப்பிலீன் அல்லது ஈ.பி.டி.எம். ரப்பரில் செய்த கறுப்புப் பேனல்கள் போதும். பேனலுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் குறைவாக இருப்பதால்தான் அவை நன்றாக உழைக்கின்றன. பேனலின் மொத்தப் பரப்பு குளத்தின் மேற்பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை போகலாம். கோவை வெயிலுக்கு, போர்வையும் இருந்தால், 60 முதல் 70 சதவீதம் போதும். உங்கள் குளம் 338 சதுர அடி. 4 அடிக்கு 10 அடி பேனல் ஆறு போட்டால் 240 சதுர அடி. தெளிவான நாளில் 60, 65 யூனிட் கிடைக்கும், அதாவது ஒன்றேகால் டிகிரிக்கு மேல். இரவு இழப்பும் உண்டு என்பதால் 28 டிகிரியைத் தொட ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பிறகு அந்தச் சூட்டைக் காப்பாற்றுவதுதான் வேலை.

மொட்டை மாடியில் தெற்கு பார்த்து 20 முதல் 25 டிகிரி சாய்வில் வையுங்கள். ஆண்டு முழுவதற்கும் என்றால் அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரி போதும். உங்களுக்குத் தேவை குளிர்காலத்தில், அப்போது சூரியன் தாழ்வு. தெற்குக் கைப்பிடிச் சுவர் 3 அடி உயரம் என்றால் டிசம்பர் உச்சியிலேயே 2 அடி நிழல் விழும். ஓவர்ஹெட் டேங்கின் நிழலையும் காலையிலும் மாலையிலும் சாக்பீஸால் குறித்துவிட்டு இடம் தேருங்கள். எடை ஒரு பிரச்சினையே இல்லை, தண்ணீரோடு சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோதான். காற்று தூக்குவதுதான் பிரச்சினை. அதற்காகத் தட்டோட்டில் துளை போடவும் கூடாது. அடுத்த மழைக்கு ஒழுகும். இரும்புச் சட்டத்தைக் கான்கிரீட் கட்டைகளில் பதித்து அதன் எடையாலேயே நிறுத்துங்கள். பட்டைகளை இறுக்கிக் கட்ட வேண்டாம். 10 அடி பாலிபுரோப்பிலீன் பேனல் 40 டிகிரி ஏறி இறங்கும்போது ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். மேல் ஹெடரை (நுண்குழாய்களையெல்லாம் சேர்க்கும் தடித்த குறுக்குக் குழாய்) மட்டும் பிடித்து நிறுத்தி, கீழ்ப்பக்கத்தை நழுவ விடுங்கள்.

குழாயை எந்த வரிசையில் இணைக்க வேண்டும்? இருக்கிற 1 எச்.பி. ஃபில்டர் பம்பே இரண்டாம் மாடிக்கு ஏற்றுமா? பிளம்பர் தனி பம்ப் கேட்கிறார்.
– வாசகி, சேலம்

வரிசை இது: குளம், பம்ப், சாண்ட் ஃபில்டர், மூவழி வால்வு (தண்ணீரைப் பேனலுக்கோ நேராகக் குளத்துக்கோ திருப்புவது), என்.ஆர்.வி. (தண்ணீரைப் பின்னால் வரவிடாத ஒருவழி வால்வு), பேனல், திரும்பும் குழாய், குளோரின் டோசர், குளம். ஃபில்டருக்கு முன்னால் பேனலை வைத்தால் இலையும் முடியும் நுண்குழாய்களை அடைக்கும். என்.ஆர்.வி. இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் மாடித் தண்ணீர் பின்னோக்கிப் பாய்ந்து ஃபில்டர் அழுக்கைக் கிளறிவிடும். டோசர் கடைசியில்தான்.

பேனல்களுக்குத் தண்ணீர் கீழ் இடது மூலையில் நுழைந்தால் மேல் வலது மூலையில் வெளியேற வேண்டும். நுழைந்த பக்கமே வெளியேற்றினால் முதல் இரண்டு பேனலில் மட்டும் ஓட்டம் இருக்கும், கடைசிப் பேனல் சும்மா காயும். சரிபார்ப்பது சுலபம்: பிற்பகலில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். கையைச் சுடும் பேனலில் தண்ணீர் ஓடவில்லை.

பேனலுக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் கணக்கு. ஆறு பேனலுக்கு மணிக்கு 5,400 லிட்டர். 50 மி.மீ. குழாய் வேண்டும். பேனலை ஒட்டிய முதல் சில அடிக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போடுங்கள். பம்ப் ஓடாத நாளில் காலிப் பேனல் 70 டிகிரிக்கு மேல் காயும்; வெள்ளை யூ.பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் இளகித் தொய்ந்துவிடும்.

பம்பைப் பொறுத்தவரை உயரம் தடை போடுவது முதல் சில நிமிடம்தான். குழாய் முழுக்க நிறைந்துவிட்டால் இறங்கும் தண்ணீர் ஏறும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், இரட்டை வாளி ராட்டினம் மாதிரி. உங்கள் பம்பின் தகட்டில் அதிகபட்ச ஹெட் (பம்ப் தண்ணீரைத் தள்ளக்கூடிய உயரம்) எத்தனை மீட்டர் என்று பாருங்கள். மாடி 7 மீட்டர், ஃபில்டருக்கும் குழாய்க்கும் ஐந்து மீட்டர் சேர்த்து, 15 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் தனி பம்ப் வேண்டாம். ஃபில்டர் அழுக்கேறினால் மாடிக்குப் போகும் ஓட்டம்தான் முதலில் குறையும், பேக்வாஷைத் (தண்ணீரைப் பின்னோக்கி விட்டு ஃபில்டரைக் கழுவுவது) தள்ளிப்போடாதீர்கள்.

கன்ட்ரோலர் வைப்பதானால் ஒரு சென்சாரைப் பேனல் பக்கத்தில் வெயில் படும்படியும், மற்றொன்றை ஃபில்டருக்கு முந்தைய குழாயிலும் பொருத்துங்கள். வித்தியாசம் 4, 5 டிகிரி வந்தால் திறக்கவும், ஒன்றிரண்டுக்கு இறங்கினால் மூடவும் செட் செய்தால் போதும். மாடி சென்சாரை நிழலில் மாட்டிவிட்டு 'சோலார் ஓடவே மாட்டேன் என்கிறது' என்று புகார் சொல்வது வழக்கமான கதை.

பேனல் போட்டு இரண்டு மாதம். குளத்துக்குத் திரும்பும் தண்ணீர் சூடாகவே இல்லை, கையை வைத்தால் வித்தியாசமே தெரியவில்லை. போதாததற்கு நாள் முழுக்கக் குளத்தில் காற்றுக் குமிழி வருகிறது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகர், ஓசூர்

முதல் புகாருக்கு: இல்லை. திரும்பும் தண்ணீர் போன தண்ணீரைவிட 2 முதல் 4 டிகிரி மட்டும் கூடுதலாக இருந்தால் எல்லாம் சரி. சுடச்சுட வந்தால்தான் கவலை. ஓட்டம் குறைந்து, பேனல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்துச் 'சூடாக்கி'க் காட்டும் பிளம்பரை நம்பாதீர்கள். கையை நம்பாமல் இரண்டு குழாயிலும் தெர்மாமீட்டர் வையுங்கள்.

குமிழி உண்மையான கோளாறு. தொடங்கும்போது இரண்டு மூன்று நிமிடம் வருவது இயல்பு, காலியாக இருந்த பேனலின் காற்று அது. நாள் முழுக்க வந்தால் மூவழி வால்வைத் திருப்பிப் பேனலைத் தவிர்த்துப் பாருங்கள். அப்போதும் குமிழி வந்தால் குற்றம் மாடியில் இல்லை, பம்பின் உறிஞ்சு பக்கத்தில்: ஸ்ட்ரெய்னர் (பம்புக்கு முன்னால் உள்ள குப்பை வடிகட்டி) மூடியின் ரப்பர் வளையம், அல்லது ஸ்கிம்மர் (குளத்து ஓரத்தில் மேல்தண்ணீரை உறிஞ்சும் பெட்டி) வாய்க்குக் கீழே இறங்கிவிட்ட நீர்மட்டம்.

பேனலைத் தவிர்த்ததும் குமிழி நின்றுவிட்டால், மேலே இருக்கும் வேக்குவம் வால்வைப் பாருங்கள். பம்ப் நிற்கும்போது காற்றை உள்ளே விட்டு, பேனல் உறிஞ்சப்பட்டுச் சப்பிப் போகாமல் காப்பது அதன் வேலை. ஆனால் திரும்பும் குழாயில் தண்ணீர் வேகமாக விழும்போது உச்சியில் எப்போதும் வெற்றிடம் உண்டாகிறது. அங்கேயே வால்வு இருந்தால் ஓடும்போதும் காற்றைக் குடிக்கும். மேலே சொன்ன ராட்டினத்தின் கயிறும் அறுந்துவிடும், பம்ப் முழு உயரத்தையும் தானே தள்ளும். வால்வை ஏறும் குழாய்ப் பக்கம், கீழ் ஹெடர் அருகே மாற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் திரும்பும் குழாயின் அடியில் உள்ள பால் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, குமிழி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் மூடினால் ஓட்டம் போய்விடும். வேக்குவம் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு முனையை அடைப்பது மட்டும் கூடாது.

எங்கள் அடுக்குமாடியில் செம்புக் குழாய் வைத்த பேனல்கள் வழியாகக் குளத்துத் தண்ணீரே நேராக ஓடுகிறது. டைல்ஸ் இடுக்கில் நீலப்பச்சைக் கறை. நரைத்த தலைகளில்கூடப் பச்சைச் சாயல்.
– வாசகி, சென்னை

பாசி அல்ல, செம்பு கரைகிறது. டோசரில் ட்ரைக்ளோர் என்னும் குளோரின் மாத்திரை போடுகிறீர்களா என்று பாருங்கள். அது கடும் அமிலத்தன்மை கொண்டது. டோசர் பேனலுக்கு முன்னால் இருந்தால் செம்பு தினமும் அமிலத்தில் குளிக்கிறது. டோசரைத் திரும்பும் குழாய்க்கு மாற்றி, அதற்கு முன் ஒரு என்.ஆர்.வி. போடுங்கள். பி.எச். 7.2 முதல் 7.6, மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். என்று பிடித்து வையுங்கள். நிரந்தரத் தீர்வு வேறு: பேனலில் தனித் தண்ணீர் சுற்ற, நடுவில் வெப்பமாற்றி (இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி). 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குளமானால் டைட்டானியம். கறை நீக்கும் மருந்துகள் செம்பைக் கொஞ்ச நாள் கட்டிவைக்கும், அவ்வளவே.

ஊட்டியில் சிறு விடுதி. திறந்தவெளிக் குளத்துக்குக் கறுப்புப் பேனல் போடலாமா?
– வாசகர், உதகமண்டலம்

நாங்கள் போடச் சொல்ல மாட்டோம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். ஜனவரிப் பகல் காற்று 15 டிகிரியில் வீச, பேனலில் 28 டிகிரித் தண்ணீர் ஓடினால், உச்சிவெயில் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாங்கியதைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அங்கே கண்ணாடி மூடிய தட்டைப் பேனல், வெப்பமாற்றி, உறையாமல் இருக்க உள்சுற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர் என்று போக வேண்டியிருக்கும்; மேகமூட்ட நாளுக்கு ஹீட் பம்பும் (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் தண்ணீருக்கு மாற்றும் கருவி) வேண்டும். குளத்துக்குக் கூரையும் சுவரும் போட்ட பிறகு இவற்றையெல்லாம் யோசியுங்கள்.

ஏற்கெனவே கறுப்புப் பேனல் இருந்தால் உறைபனிக் காலத்தில் மாலையில் காலி செய்தாக வேண்டும். என்.ஆர்.வி. இருப்பதால் ஏறும் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதன் தாழ்ந்த இடத்தில் சின்ன வடிகால் வால்வு வைத்துத் திறந்துவிடுங்கள். பேனல் வரிசையே அந்தப் பக்கம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும்.

சொட்டுநீர் லேட்டரல் குழாய் 300 மீட்டர் மீதி இருக்கிறது. சுருட்டி மாடியில் போட்டால்?
– வாசகர், பொள்ளாச்சி

16 மி.மீ. குழாய் 300 மீட்டர் என்றால் வெயில் படும் பரப்பு 5 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாளைக்கு 14 யூனிட். 10,000 லிட்டர் குழந்தைகள் குளத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும்; பெரிய குளத்தில் தெரியவே தெரியாது. துளை போடாத குழாயாக இருக்க வேண்டும். ஒரே சுருளாகப் போடாதீர்கள், உராய்விலேயே ஓட்டம் செத்துவிடும். 30 மீட்டராகப் பத்துத் துண்டு வெட்டி, இரண்டு ஹெடருக்கு நடுவே பக்கம் பக்கமாக இணையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. நிழலில் கிடக்கும் குழாய் சூட்டை வாங்காது.

மே மாதத்தில் குளமே வெந்நீராகிவிடுகிறது. இதே பேனலால் குளிர வைக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும். இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை ஐந்து வரை பேனல் வழியாக ஓட விடுங்கள். பகலில் மூவழி வால்வை மூடிவையுங்கள். வானம் தெளிவாக இருக்கும் இரவில் நன்றாகவும், புழுக்கமான மேகமூட்ட இரவில் சுமாராகவும் இறங்கும். போர்வையை அந்த மாதம் முழுக்கக் கழற்றிவிடுங்கள். பகலில் ஓட்டம் இல்லாமல் பேனல் காயும் என்பதால், ஹெடர்களை இணைக்கும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் இரண்டையும் ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.