சாம்பாருக்கு அடியில் பாட்டில்

கேள்வி: நாற்பது வருஷ நண்பர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு மதத்தாரை ஊரைவிட்டே விரட்ட வேண்டும் என்று இப்போது பேசுகிறார். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கும் வருகிறார். இப்படிப்பட்ட தீவிரவாதிகளைச் சகித்துக்கொள்ள எல்லை எது? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: எல்லை எது என்று புதுச்சேரிக்காரனிடமா கேட்பது? பாகூர்ப் பக்கம் வந்து பாருங்கள். தூக்கத்தில் புரண்டு படுத்தால் மாநிலம் மாறிவிடும். எனக்குத் தெரிந்து தெளிவான எல்லை ஒன்றுதான், உங்கள் ஆல்பேட்டை சோதனைச் சாவடி. எங்கள் பக்கத்து முள்ளோடையில் குடித்துவிட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவரை அங்கே பெரும்பாலும் எழுப்புவதுகூட இல்லை. வயிற்றில் இருப்பது அவர் பாடு. பையில் இருந்தால்தான் கதை வேறு.

என் மாமா ஒருமுறை தூக்குவாளியில் சாம்பாருக்கு அடியில் குவார்ட்டரைப் பதுக்கிக்கொண்டு போனார். சாவடியில் பிடிபடவில்லை. ஆனால் வழியில் பாட்டில் மூடி கழன்றுவிட்டது. அன்று அத்தை வீட்டில் குழந்தை குட்டிகள் உட்பட பதினோரு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தச் சாம்பாரின் புகழ் இன்றும் குடும்பத்தில் ஓயவில்லை. அத்தை மட்டும் மாமாவோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

தீவிரவாதி என்றீர்களே, 1907 சூரத் காங்கிரஸில் கட்சி இரண்டானபோது திலகர் பக்கம் நின்றவர்களுக்கு அதுதான் பெயர். பாரதியும் அதில் ஒருவர். 1908இல் எங்கள் ஊருக்கு வந்தார், பத்து வருஷம் வைத்துக்கொண்டோம். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். உடனே பிடித்து உங்கள் கடலூர் சிறையில் போட்டார்கள், டிசம்பர் 14இல்தான் விட்டார்கள். ஆக, சகிப்பின் எல்லை 1918இல் கடலூர். (கடலூர் நண்பர்கள் வழக்கம்போல் கோபக் கடிதம் எழுதலாம். சென்ற முறை வந்தவற்றையே இன்னும் படித்து முடிக்கவில்லை.) உங்கள் நண்பரைப் பாரதியோடு சேர்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாரதி ஆளவந்தவனைத்தான் போகச் சொன்னார், அடுத்த வீட்டுக்காரனை அல்ல.

சகிக்காதவனைச் சகித்தால் சகிப்பே அழியும் என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் 1945இல் தன் புத்தகத்தில் எழுதியதை ஆளாளுக்கு எடுத்து வீசுகிறார்கள். அது ஒரு அடிக்குறிப்பு. அடிக்குறிப்பை யாரும் முழுசாகப் படிப்பதில்லை என்று இருபது வருஷமாகப் புலம்புகிறேன். வாதம் செய்து சமாளிக்க முடிகிறவரை வாயை அடைப்பது புத்திசாலித்தனம் அல்ல என்பதும் அதே குறிப்பில்தான் இருக்கிறது. வாதத்தைக் கேட்காதே, கைமுஷ்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல் என்று கற்றுக்கொடுக்கிற ஆளைத்தான் தடுக்கச் சொல்கிறார்.

சரி, உங்கள் நண்பர். வரட்டும், காபி கொடுங்கள், சண்டை போடுங்கள். அவர் பேசுவதை உங்கள் பேரன் வாய் பார்க்கிறானா, போகும்போது துண்டுப் பிரசுரம் வைத்துவிட்டுப் போகிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் மூடி கழன்றுவிட்டது. அடுத்த ஞாயிறு வாசலிலேயே பேசி அனுப்புங்கள், நாற்பது வருஷமானாலும் சரி.

அப்புறம், உங்கள் கடிதத்தில் 'எல்லை'யின் லை இன்னும் துதிக்கையோடு நிற்கிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை போட்டு விரட்டிய யானை அது. எனக்கு ஆட்சேபம் இல்லை, தட்டச்சு செய்கிற பையன்தான் இது என்ன எழுத்து சார் என்று மூன்று முறை கேட்டுவிட்டான்.