திரும்பிப் பார்க்கும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 14 வயது. பேட்மிண்டன் ஆடுகிறாள். பயிற்சியில் தன்னைவிடப் பெரிய பெண்களையே ஜெயிக்கிறாள். போட்டி என்று வந்துவிட்டால், ஒரு புள்ளி போனதும் அடுத்த நான்கைந்தும் சேர்ந்து போய்விடுகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். தோற்றால் கோர்ட்டிலேயே அழுகை. கண்டித்தும் பயனில்லை. ‘உணர்வுசார் நுண்ணறிவு’ வளர்க்க மூன்று நாள் முகாம் நடத்துகிறார்களாம். அனுப்பலாமா? தியானம் உதவுமா?

செ., கரூர்

அன்புள்ள செ.,

தியானம் நல்லதுதான், செய்யட்டும். முகாம் உங்கள் விருப்பம். என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். சரி, அந்த நேரத்தில் அந்த முகத்தில் என்ன இருக்கிறது? அதை நீங்கள் எழுதவில்லை.

அழுவதற்காகக் கண்டித்தேன் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்க சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். 55ஆவது நகர்த்தலில், குகேஷை எதிர்த்து ஆடிய நடப்பு சாம்பியன் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 18 வயது குகேஷ் அரங்கமே பார்க்க அழுதார். அழுதுகொண்டே, கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் அடுக்கினார். கண்ணில் நீர், கையில் ஒழுங்கு. இரண்டும் ஒரே பையனிடம் ஒரே நேரத்தில் இருந்தன. இதே போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றவர் அவர். அதற்கு முன் ஏப்ரலில், சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் ஃபிரோஸ்ஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விதான் தனக்குத் தெம்பு கொடுத்தது என்று பிறகு அவரே சொன்னார். தோல்வி வலிக்காதவன் அப்படிச் சொல்ல முடியாது. வலியைப் பார்க்கத் தெரிந்தவன்தான் சொல்வான்.

1990இல் உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் நீங்கள் சொல்லும் இந்த உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தபோது, தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கவனிப்பது, இது இன்னது என்று பிரித்தறிவது, அதைக்கொண்டு யோசிப்பது, செயல்படுவது என்றுதான் சொன்னார்கள். அழுகையை விழுங்குவதற்கு அந்தப் பெயர் இல்லை. ‘பிறர் உணர்ச்சி’ என்பதையும் கவனியுங்கள். அது உங்களுக்கான பாடம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடினேன். முதல் 200ஐ வெறி பிடித்த மாதிரி ஓடிவிட்டு, கடைசி வளைவில் கால் கல்லாகி, ஆறாவதாக வந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். பதினோரு கிலோமீட்டர் தூரமும் எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். சட்டை வியர்வையில் ஒட்டி, பனியனின் கோடு தெரிந்தது. போகும்போது பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்த கடை வந்தது. சைக்கிள் நிற்கவில்லை. கடை பின்னால் போவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. இன்றைக்கு யோசித்தால், அவருக்கும் தொண்டை அடைத்திருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் ஸ்டார்ட்டிங் லைனில் குனிந்தபோது என் கண் டிராக்கில் இல்லை, கூட்டத்தில் அவரைத் தேடியது. துப்பாக்கிச் சத்தம் கேட்டும் ஒரு நொடி நின்றுவிட்டேன். அதற்கப்புறம் நான் ஓடவில்லை.

உங்கள் மகளும் இரண்டு ஆட்டம் ஆடுகிறாள், செ. ஒன்று வலைக்கு அந்தப்பக்கம் நிற்பவளோடு, இன்னொன்று உங்கள் முகத்தோடு. ஒரு புள்ளி போனதும் அடுத்த சர்வீஸுக்குள் கிடைக்கும் சில நொடிகளில் அந்தப் புள்ளியை அவள் கீழே போட வேண்டும். அந்த நேரத்தில் உங்களிடம் தீர்ப்பு வாங்க வருகிறாள். முகம் சுளித்தால் போன புள்ளியையும் தூக்கிக்கொண்டுதான் அடுத்ததற்குப் போவாள். அவள் மனம் பலவீனமானது என்று தயவுசெய்து எந்த முகாமிலும் போய்ச் சொல்லாதீர்கள்.

முகத்தை மாற்ற முடியவில்லையென்றால், அவள் கண்ணில் படாத இடத்தில் உட்காருங்கள். தோற்று வந்தால் அழுது முடிக்கட்டும், பக்கத்தில் இருங்கள். அந்த மூன்றாவது புள்ளியில் ஏன் அப்படி அடித்தாய் என்று வண்டியில் ஆரம்பிக்காதீர்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். ஆனால் போகும்போது நிறுத்திய கடை வந்தால், வண்டியை நிறுத்துங்கள்.