இசை விளையாட்டில் பையன் வாசிக்கிறானா, இசையமைக்கிறானா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது. வயலின் வகுப்பில், அடிப்படைப் பாடங்களுக்குப் பிறகு வரும் வர்ணம் வரைக்கும் வந்துவிட்டான். ஆனால் வீட்டில் இருந்தால் எந்நேரமும் ரிதம் கேம்தான், பாட்டின் தாளத்துக்குத் தட்டும் வீடியோ விளையாட்டு. கேட்டால் "நான் மியூசிக் பண்றேன்மா" என்கிறான். அது நிஜமாகவே அவன் பண்ணும் மியூசிக்கா? எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய கன்சோல், பிளாஸ்டிக் கிடாரோடு சேர்த்துக் கிடைக்கிறது, வாங்கித் தா என்று கேட்கிறான். அதை வாங்கலாமா, அந்தப் பணத்தில் கீபோர்டு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் அம்மா. முதலில் அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கவனியுங்கள். அவனும் அவன் நண்பனும் ஒரே பாட்டை ஒரு தப்பும் இல்லாமல் விளையாடினால், ஸ்பீக்கரில் கேட்பது ஒன்றாகவே இருக்குமா? ஒன்றாகவே இருந்தால், அடுத்த ஸ்வரம் என்ன என்பதை முடிவு செய்வது விளையாட்டுதான். இரண்டும் வேறு வேறாகக் கேட்டால், அந்த வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் அவன் இசையமைப்பு.

அவன் ஆசைப்படும் பிளாஸ்டிக் கிடார் வகையையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் வந்த கிடார் ஹீரோவில் ஐந்து வண்ணப் பொத்தான்கள், தட்டுவதற்கு ஒரு பட்டை. திரையில் இறங்கி வரும் நிறத்துக்கு ஏற்ற பொத்தானைப் பிடித்துக்கொண்டு சரியான நேரத்தில் தட்ட வேண்டும். தட்டினால், முன்பே பதிவு செய்து வைத்த கிடார் ஒலிக்கும். தவறவிட்டால் அது மட்டும் அடங்கிப்போகும். நீளமான ஸ்வரம் வரும்போது கிடாரில் உள்ள ஒரு கைப்பிடியை அசைத்து அதன் சுருதியைக் கொஞ்சம் வளைக்கலாம். அவன் சொந்தமாகச் சேர்ப்பது அந்த வளைவு மட்டும்தான். 2015-ல் வந்த ராக் பேண்ட் 4 இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது. அதில் கிடார் தனியாக ஒலிக்கும் சோலோ வரும் இடத்தில் எந்தத் தாளத்தில் வாசிப்பது, மேலே போவதா கீழே வருவதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம். ஆனால் பாட்டுக்குப் பொருந்தும் ஸ்வரத்தை விளையாட்டே எடுத்துக் கொடுத்துவிடும். அபஸ்வரம் வரவே வழியில்லை. அதனால் எந்த ஸ்வரம் இங்கே ஒட்டாது என்பதைக் காதால் கண்டுபிடிக்கும் வேலை பிள்ளைக்குக் கிடைக்காமலே போகிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதையெல்லாம் விடப் பழைய ஒன்று. 1996-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த பராப்பா தி ராப்பர். காட்டியதை அப்படியே அழுத்தினால் 'குட்' வரைக்கும்தான் போக முடியும். தாளத்தை விடாமல், காட்டாததையும் சேர்த்து நாமாக வாசித்தால்தான் 'கூல்' கிடைக்கும். பின்னால் வந்த பல விளையாட்டுகள் இந்தத் துணிச்சலைக் கைவிட்டுவிட்டன.

இதற்காக ரிதம் கேமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சங்கீதத்திலேயே கற்பிதம் (முன்பே அமைத்ததை வாசிப்பது), மனோதர்மம் (அந்த நேரத்தில் சொந்தக் கற்பனையில் வாசிப்பது) என்று இரண்டு உண்டு. வர்ணத்தில் இருக்கும் பிள்ளை, சொல்லிக் கொடுத்ததை அப்படியேதான் வாசிக்கிறான். அதை யாரும் குறை சொல்வதில்லை. சாமராஜ்பேட்டை கோட்டைப் பள்ளி ராமநவமிக் கச்சேரியில் கல்பனாஸ்வரம், அதாவது மேடையிலேயே கற்பனையாக ஸ்வரம், பாடுகிறவர்களும் அந்த வழியாக வந்தவர்கள்தான். ரிதம் கேம் கற்பிதத்தின் பக்கம் நிற்கிறது, லயத்துக்கு நல்ல பயிற்சி. அங்கேயே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு விஷயம்: புளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் சற்றுத் தாமதமாக வரும். கம்பி ஹெட்போன் கொடுத்து, விளையாட்டின் செட்டிங்கில் உள்ள தாமதச் சரிசெய்தலையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாமதத்துக்குக் கை பழகிவிடும்.

அடுத்த படிக்குக் காசு செலவில்லை. கூகுளின் குரோம் மியூசிக் லேப் தளத்தில் சாங் மேக்கர் என்று ஒன்று இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். கட்டங்களைத் தொட்டால் ஸ்வரம். செட்டிங்கில் ஸ்கேல் மேஜர் என்று இருந்தால் அது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். பென்டடானிக் என்றால் மோகனம். இவை இரண்டிலும் எங்கே தொட்டாலும் பெரும்பாலும் இனிமையாகவே இருக்கும். பன்னிரண்டு ஸ்வரங்களும் வரும் குரோமாடிக்குக்கு மாற்றிவிட்டு, அவன் சரளி வரிசை படித்த மாயாமாளவகௌளையைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். சி-யை ஸட்ஜமாக வைத்தால் சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. இதை முதலில் சொல்லிவிடாதீர்கள், அவனே காதால் தேடட்டும். தப்பான கட்டம் உடனே உறுத்தும். அழித்துவிட்டு வேறொன்றைத் தொடுவான். கமகம் (ஸ்வரத்தை அசைத்து, இழைத்து வாசிப்பது) இதில் வராது, அதை வயலினில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முடித்ததைச் சேமித்து இணைப்பாகத் தாத்தாவுக்கு அனுப்பலாம்.

மைன்கிராஃப்ட் விளையாடுகிறானா? அப்படியானால் நோட் பிளாக்கைப் பற்றிக் கேளுங்கள், தட்டினால் ஒரு ஸ்வரம் ஒலிக்கும் கட்டை அது. ஒரு பிளாக்குக்கு 25 சுருதிகள். அடியில் மரம் வைத்தால் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி, மணல் வைத்தால் ஸ்னேர் என்னும் மேள ஒலி. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக்கூட ரெட்ஸ்டோன் ரிப்பீட்டர் என்னும் தாமதக் கருவி வைத்து அவனேதான் கட்ட வேண்டும். காலப்பிரமாணமே அவன் கையில். மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை.

பெரும்பாலான பெற்றோர் கவனிக்காத இன்னொன்று, சார்ட் போடுவது. 2007-ல் வந்த ஓசு (osu!) என்ற ரிதம் கேம் இலவசம், கணினியில் விளையாடலாம். இதில் ஒரு பாட்டைக் கேட்டு, எந்த ஒலிக்கு எங்கே தட்ட வேண்டும் என்பதைப் பிள்ளையே அமைக்கலாம். பாட்டு அடுத்தவருடையதுதான். ஆனாலும் பாட்டில் எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது அவன். உங்கள் பையன் "மியூசிக் பண்றேன்" என்று சொல்வது இதைத்தானா என்று கேட்டுப் பாருங்கள். இதுவாக இருந்தால், அவன் சொல்வதில் பாதி நிஜம்.

இனி பணத்துக்கு வருவோம். நான் சொன்னதில் ஏதாவது ஒன்றை அவனாகவே திரும்பத் திரும்பத் திறந்தால் கீபோர்டு வாங்குங்கள். 61 கட்டைகள், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதி, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம், கணினியோடு இணைக்க யூஎஸ்பி, இந்த நான்கும் இருந்தால் போதும். தானாக வாசிக்கும் பாட்டுகள் எத்தனை என்று கடைக்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பதிவு செய்ய பேண்ட்லேப் செயலி இலவசம்.

பிளாஸ்டிக் கிடார், பண்டிகை நாளில் கசின்களோடு கூத்தடிக்க அருமையான சாமான். பிறகு விலை குறைவாகக் கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. வயர்லெஸ் கிடாருக்கு டாங்கிள் (கன்சோலில் செருகும் சிறு ரிசீவர்) தேவைப்படும் என்றால் அது கையோடு இருக்கிறதா என்று பாருங்கள், வேறு கிடாரின் டாங்கிள் பொதுவாகப் பொருந்தாது. கடையிலேயே கன்சோலில் மாட்டி, ஐந்து பொத்தானும் தட்டும் பட்டையும் வேலை செய்வதைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.