இன்னொரு ஏசி வாங்கும் முன்: சர்வர் அறைக் குளிர்ச்சி பற்றிய கேள்வி பதில்

டேட்டா சென்டர் குளிரூட்டலில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். எங்களிடம் 12 ரேக் (சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரி). ஏசியை 18-ல் வைத்தும் இரண்டு ரேக்கில் மேலே இருக்கும் சர்வர்கள் சூடாகி அலாரம் அடிக்கின்றன. இன்னொரு ஏசி வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த ரேக்கின் முன்பக்கம் கீழே, நடுவில், மேலே என மூன்று இடங்களில் வெப்பத்தை அளந்து பாருங்கள். கீழே 18, மேலே 29 என்று வந்தால் பிரச்சினை குளிர் போதாதது அல்ல. பின்னால் வெளியேறும் சூடான காற்று, ரேக்கின் தலைக்கு மேலாகவும் சர்வர் இல்லாத காலி இடங்கள் வழியாகவும் முன்பக்கத்துக்கே திரும்பி வருகிறது. இந்தக் கலப்பை நிறுத்தாமல் புது ஏசி வாங்கினால் கரண்ட் பில்தான் ஏறும்.

காலி இடங்களை எல்லாம் பிளாங்கிங் பேனல் (ரேக்கின் வெற்றிடத்தை மறைக்கும் தட்டு) போட்டு மூடுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். அடுத்து, ரேக் வரிசைகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வரிசையின் முதுகு அடுத்த வரிசையின் முகத்தைப் பார்த்தால், பின்வரிசை முன்வரிசையின் சூட்டைத்தான் இழுக்கும். அப்புறம் குளிர்ப் பாதையின் (முகங்கள் எதிரெதிரே பார்க்கும் இடைவெளி) இரு முனைகளிலும் கதவோ பிளாஸ்டிக் திரையோ போடலாம். அது ஸ்பிரிங்ளரையோ புகை சென்சாரையோ மறைக்கக் கூடாது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி: தரையடியில் குளிர்காற்று வரும் அறை எங்களுடையது. துளை டைல்களைக் கூட்டினால் காற்று அதிகம் வருமா?

வராது. டைல் கூடக் கூட தரையடி அழுத்தம் விழும், எல்லா டைலிலும் காற்று மெலியும். சூடான பாதையில் (ரேக்குகளின் முதுகுப் பக்கம்) துளை டைல் இருந்தால் இன்றே மாற்றுங்கள். கேபிள் இறங்கும் ஓட்டைகளுக்கு பிரஷ் போட்டு அடையுங்கள்.

கேள்வி: 27 டிகிரி வரை விடலாம் என்கிறார்கள். எங்கள் மேலாளர் பயப்படுகிறார். விடலாமா?

ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பு) பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி வரை. அது சர்வருக்குள் நுழையும் காற்றின் வெப்பம். ஏசிக்குத் திரும்பும் காற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சிங்கப்பூர் 2023-ல் வெப்பமண்டல டேட்டா சென்டர்களுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டு, 26 டிகிரியும் அதற்கு மேலும் ஓட்ட வழிகாட்டியது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு.

மேலே சொன்ன அடைப்பு வேலைகளை முடித்துவிட்டு, வாரம் ஒரு டிகிரியாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் சர்வர்களின் ஃபேன்கள் வேகமெடுக்கும். அங்கே நிறுத்துங்கள். அந்த ஃபேன்கள் இழுக்கும் மின்சாரம் ஐடி கணக்கில் சேர்வதால், மொத்தச் செலவு ஏறினாலும் பியூஇ (மொத்த மின்சாரத்தை ஐடி கருவிகளின் மின்சாரத்தால் வகுத்த எண்) இறங்கியதுபோலக் காட்டும். ஆகவே மெயின் மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: நான்கு ஏசியில் மூன்று முழு வேகத்தில், ஒன்று ஸ்டாண்ட்பை. சரிதானே?

ஃபேன் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் நான்கையும் 75 சதவீத வேகத்தில் ஓட்டுங்கள். காற்றின் அளவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஃபேனின் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். முழு வேகத்தில் ஒரு ஏசி ஃபேனின் செலவை 1 என்று வைத்தால், 75 சதவீதத்தில் அது 0.75 × 0.75 × 0.75, அதாவது 0.42. நான்குக்கும் சேர்த்து 1.7 தான், இப்போது 3 செலவாகிறது. ஒன்று பழுதானால் மற்றவை தானாக வேகமெடுக்கும்படி செட் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஃபேஸ்புக் போல வெளிக்காற்றையே உள்ளே விட்டால் என்ன? நான் சென்னை.

அவர்கள் 2011-ல் ஓரிகான் மாநிலத்தின் பிரைன்வில்லில் சில்லரே (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் தொடங்கினார்கள். அது உலர்ந்த, குளிரான ஊர். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், கடலோரத்தில் உப்பும் சேரும். நேரடியாக விடச் சொல்ல மாட்டேன். உள்ளே வெப்பத்தை ஏற்றிய பிறகு சில்லர் தண்ணீரையும் சில டிகிரி ஏற்றுங்கள். கம்ப்ரஸரின் வேலை குறையும்.

கேள்வி: ஏஐ சர்வர்கள் வரப்போகின்றன. இதெல்லாம் போதுமா அண்ணே?

ஒரு கிலோவாட் சூட்டை 10 டிகிரி வித்தியாசத்தில் எடுக்க மணிக்குச் சுமார் 300 கன மீட்டர் காற்று வேண்டும். என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக் ஒன்றே 120 கிலோவாட் அளவில் இழுக்கும். 36,000 கன மீட்டரை ஒரு ரேக்குக்குள் தள்ள முடியாது தம்பி, அதனால்தான் அது திரவக் குளிர்ச்சியோடு வருகிறது. ஆர்டர் போடும் முன் கட்டிடத்தில் குழாய் வர வழி இருக்கிறதா, தரை அந்த எடையைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.