விரல் வச்சா கேட் தொறக்குமா?

கேள்வி: எங்க சாயப்பட்டறை கேட்டுக்கு கைரேகை மெஷின் போடலாம்னு இருக்கோம், சேல்ஸ்காரர் 99 சதவீதம் கரெக்டுங்கறார், நம்பலாமா சார்? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த 99 எந்தக் கணக்குன்னு முதல்ல கேளுங்க. தப்பான ஆள உள்ள விடறது ஒண்ணு, சரியான ஆள வெளிய நிறுத்தறது இன்னொண்ணு, செட்டிங்ஸ்ல ஒண்ணக் கொறச்சா மத்தது ஏறும், ரெண்டையும் சொல்லாத டெமோ வேஸ்ட்டு. அதுவும் உங்க ஆளுங்களுக்கு கெமிக்கல்லயே ஊறுன கை, ரேகை தேஞ்சிருக்கும், ஈரம் வேற. ஏசி ரூம்ல அவர் தன் விரல வச்சு காட்டறதுல மயங்காம, ஷிப்ட் மாறுற கேட்லயே மாட்டி ஒரு மாசம் ஓட விடுங்க, யாருக்கு எத்தன தடவ 'மறுபடி வைங்க'ன்னு வருதுன்னு வாட்ச்மேன் நோட்டுல எழுதட்டும்.

போலி விரல் வச்சா மெஷின் ஏமாறுமான்னும் கேளுங்க. 2002லயே ஜப்பான் பேராசிரியர் மட்சுமோட்டோ, ஜெலட்டின்ல (ஜெல்லி மிட்டாய் சமாச்சாரம்தாங்க!) விரல் செஞ்சு 11 மெஷின ஏமாத்திக் காட்டிட்டார். உசுருள்ள விரலான்னு பாக்கற வசதி இருந்தா வாங்குங்க. கார்டு தொலைஞ்சா வேற குடுக்கலாம், ரேகை திருடு போனா வேற விரலுக்கு எங்க போறது? அதனால டேட்டா எங்க சேருதுன்னு எழுதி வாங்கிக்கோங்க. கரண்ட் போனாலும் உள்ளேருந்து கதவு தொறக்கணும், இதுல மட்டும் பேரம் பேசாதீங்க.