வெள்ளிக்கென்று தனிப் புரோட்டான் உண்டா?

அன்புள்ள சார்,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள், "அப்பா, வெள்ளியில் இருக்கிற புரோட்டானும் இரும்பில் இருக்கிற புரோட்டானும் ஒன்றுதானா?" என்று கேட்டாள். அதெப்படி ஒன்றாகும், வெள்ளிக்குள் இருப்பது வெள்ளிப் புரோட்டான்தானே என்றேன். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி? இன்னொன்று, ஒரே மின்சுமை உள்ளவை ஒன்றையொன்று தள்ளும் என்றால் அத்தனை புரோட்டானும் எப்படி ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்கின்றன?

சேலம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னதுதான் சரி. முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

புரோட்டான் என்பது அணுவின் நடுவில் இருக்கும் நேர்மின்சுமைத் துகள். வெள்ளிப் புரோட்டான், இரும்புப் புரோட்டான் என்று எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே சரக்கு. ஒரு அணுவில் எத்தனை என்ற எண்ணிக்கைதான் வேறு. இரும்பில் 26, வெள்ளியில் 47. அதுவே 46 என்றால் பல்லேடியம், 48 என்றால் காட்மியம். கருப்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கிற வெள்ளைக்கல்லில் இருக்கும் மக்னீசியத்துக்கு 12, சேர்வராயன் மலை மேலே பாக்சைட்டில் இருக்கும் அலுமினியத்துக்கு 13. அடிவாரத்திலிருந்து மலையேறினால் ஒரு புரோட்டான் கூடுகிறது!

வெறும் எண்ணிக்கையா பொருளைத் தீர்மானிக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. பட்டறைக் குப்பையிலிருந்து வெள்ளியை மீட்கிறவர்கள் நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழுப்புப் புகை கிளம்பும், வெள்ளி காணாமல் போகும், சுத்த வெள்ளி என்றால் கரைசல் தண்ணீர் மாதிரி தெளிவாக நிற்கும், செம்பு கலந்திருந்தால் நீலம் தட்டும். கரையும்போது ஒவ்வொரு வெள்ளி அணுவும், புரோட்டானுக்கு இணையாக வெளியே இருக்கும் 47 எலக்ட்ரான் என்ற எதிர்மின் துகள்களில் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு 46 எலக்ட்ரானோடு நிற்கிறது. பல்லேடியத்துக்கும் எலக்ட்ரான் 46தான். அப்படியானால் அந்தத் தண்ணீரில் இருப்பது பல்லேடியமா? ஒரு செப்புத் தகட்டைப் போட்டுப் பாருங்கள், செம்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைய, தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் படிவது வெள்ளியேதான். எலக்ட்ரான் போனது, வந்தது. 47 புரோட்டான் மட்டும் அசையவே இல்லை. 962 டிகிரியில் உருக்கினாலும் சரி, கொலுசு கறுத்துப்போனாலும் சரி, எல்லாக் கலவரமும் வெளியே எலக்ட்ரான்களோடு முடிந்துவிடும். புரோட்டான்கள் அடங்கியிருக்கும் நடுப்பகுதியான அணுக்கருவைத் தொட அமிலத்துக்கும் நெருப்புக்கும் சக்தி கிடையாது.

இந்த எண்ணிக்கைக்கு ஆய்வகத்தில் சாட்சி கொண்டுவந்தவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ்-கதிரை அளந்து 1913இல் வரிசைப்படுத்தினார். 1915இல் முதல் உலகப் போரின்போது துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு 27 வயது. படிக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும். புரோட்டான் என்ற பெயரே 1920இல்தான் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு வைத்தார்.

இரண்டாவது கேள்வி. தள்ளத்தான் செய்கின்றன. ஆனால் மிக நெருக்கத்தில் அதைவிடப் பலமான ஒரு விசை, அணுக்கரு விசை, இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் விலகினாலும் அது வேலை செய்யாது. மின்சுமையே இல்லாத நியூட்ரான்களும் இடையில் இருந்துகொண்டு தள்ளாமல் இழுக்க மட்டும் உதவுகின்றன. உங்கள் வெள்ளியில் கிட்டத்தட்டப் பாதி அணுக்களில் 60 நியூட்ரான், மீதியில் 62. எந்தக் கொலுசிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும், உரைத்துப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. ஈயத்தின் 82ஐத் தாண்டிவிட்டால் எத்தனை நியூட்ரான் சேர்த்தாலும் நிரந்தரமாக நிற்பதில்லை.

பாடப்புத்தகப் படத்தை மட்டும் மகள் நம்ப வேண்டாம், அதில் அணுக்கரு எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். ஒரு ஏற்காட்டு மிளகைக் காந்தி மைதானத்தின் நடுவில் வைத்து அதுதான் வெள்ளியின் அணுக்கரு என்று சொன்னால், எலக்ட்ரான்களின் வெளி எல்லை சுமார் 60 மீட்டர் தள்ளி இருக்கும். எடை மொத்தமும் ஏறக்குறைய அந்த மிளகில்தான். தராசில் நிறுத்து நீங்கள் காசு வாங்குவதும் அதற்குத்தான்.